குங்குமம் வைத்த கைத்துப்பாக்கி

எனக்கு விசா கொடுத்த அரபு முதலாளி, அங்கத்துப் பேச்சில் என் கபீல், ஒரு பழைய கைத்துப்பாக்கியைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய் என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, எரிச்சல். நான் தண்ணீர் பம்புக்காரன். கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் வளர்ந்து, தோஹாவில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தவன். கல்யாண வீட்டில் சமையல்காரன் வரவில்லை என்றதும் தையல்காரனைக் கூப்பிட்டு, "நீயும் கத்தரிக்கோல் பிடிக்கிறவன்தானே, வந்து காய் நறுக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அவருடைய வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாதி இந்தி, பாதி அரபியில் அவர் சொன்னதைச் சேர்த்துவைத்துப் புரிந்துகொண்டேன். துப்பாக்கி அவருடைய அப்பாவுடையது. ஒவ்வொரு வருஷமும் ஈத் பிறை தெரிந்ததும் பெரியவர் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுடுவாராம். பிறகு அது பழுதாகிப் பெட்டிக்குள் போய்விட்டது. பெரியவரும் போன வருஷம் போய்விட்டார். இந்த ஈத்துக்குத் தன் கையால் சுட வேண்டும் என்று கபீலுக்கு ஆசை. அண்ணன் தம்பிகள் அதைப் பழைய இரும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முன்னால் எடுத்துக் காட்டி அசத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து யார் மூலமோ பாகங்களையும் வரவழைத்து வைத்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் சில ஸ்பிரிங்குகள், ஒரு பின், சீவப்படாத இரண்டு மரத்துண்டுகள்.

"ஒர்க்‌ஷாப் மாஃபி. பைத்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் வேண்டாம், வீட்டில். "கிஸி கோ நஹி போல்னா." யாரிடமும் சொல்லக் கூடாது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாததற்குக் காரணம் என் தங்கை. ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு, அவளுக்கு நான் ஒரே அண்ணன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் கூடப்பிறந்தவனும் கையோடு கை கோர்த்து உட்கார வேண்டும். நான் போகாவிட்டால் பெரியப்பா பையனை உட்கார வைப்பார்கள். அவன் எங்கள் வேலியைத் தள்ளிப் போட்டவன். அப்பா செத்ததற்கு எட்டிக்கூடப் பார்க்காதவன். அவன் கையையா என் தங்கை புருஷன் பிடிப்பது? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாட்டை விட்டு ஒருவன் வெளியே போக வேண்டும் என்றால் அவனுடைய கபீல் கையெழுத்துப் போட வேண்டும். டிக்கெட் இருந்தாலும், லீவு இருந்தாலும், அந்தக் கையெழுத்து இல்லாமல் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் லீவு கேட்டு நின்ற அதே வாரத்தில்தான் அவர் துப்பாக்கியை எடுத்துவந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. "இதை முடி, அப்புறம் ஊருக்குப் போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் மறுப்பது இன்னும் கஷ்டம்.

அப்போது நாங்கள் தோஹாவில் நஜ்மா என்ற பகுதியில் ஒரு பழைய வில்லாவில் குடியிருந்தோம். ஒரே வில்லாவை பிளைவுட் அடித்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்கு ஓர் அறை, அதன் ஓரத்தில் அடுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் என் மனைவி "நூறு வயசு" என்பாள். அப்படிப்பட்ட சுவர். அந்த அறைக்குள் துணியைப் பிரித்து நான் கட்டில்மேல் வைத்ததும் அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"ஏனுங்க, இதென்னங்க? நெசமா நெசத் துப்பாக்கியா?"

"பின்ன, தீபாவளித் துப்பாக்கியா?"

"குண்டு கிண்டு இருக்குதா?"

இல்லை என்று திறந்து காட்டினேன். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. அதற்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். குழாயின் வாய் எப்போதும் வெளிச்சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், பிளைவுட் பக்கம் திரும்பவே கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். அவள் கூட்டும்போதுகூட அந்தக் குழாய்க்கு முன்னால் குறுக்கே போக மாட்டாள், கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாள்.

"போலீஸ்காரன் பாத்தான்னா ரெண்டு பேரையும் சேத்தி உள்ள வெப்பான். உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நாம போட்டோவுலதான் போவோணும்" என்றாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள."

"வாயை வெச்சுக்கிட்டுத்தான் இருக்கறன். இல்லீன்னா கத்தி ஊரைக் கூட்டியிருப்பன்."

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் சள்ளை பிடித்தது. வந்த பாகங்கள் அதே துப்பாக்கிக்குச் செய்தவை அல்ல, அதன் சின்னம்மா பிள்ளைக்குச் செய்தவைபோல் இருந்தன. ஒன்று தடிமனாக இருக்கும், இன்னொன்று நீளமாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளிலும், வேலை விட்டுவந்த சாயங்காலங்களிலும் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருப்பேன். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அவள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அந்த மாதம் நாங்கள் சாப்பிட்ட சட்னிக்கு அளவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. எல்லாப் பாகங்களும் செய்தித்தாள்மேல் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பிளைவுட்டைத் தட்டி, "பலதியா, பலதியா" என்று ரகசியமாகக் கத்தினார். நகராட்சிக்காரர்கள். இப்படி வில்லாவைத் தடுத்து வாடகைக்கு விடுவதைச் சோதனை போட அவ்வப்போது வருவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுவரை அந்தப் பொருளை விரலால்கூடத் தொடாதவள், செய்தித்தாளோடு அப்படியே வாரி, இட்லிக் குண்டானுக்குள் போட்டு மூடி, அடுப்புமேல் வைத்துவிட்டாள். நான் கையிலிருந்த அரத்தைத் தலையணைக்கு அடியில் செருகினேன்.

வெள்ளை அங்கி போட்ட ஓர் அதிகாரியும் ஒரு மலையாளியும் உள்ளே வந்தார்கள். அதிகாரி பிளைவுட்டைத் தட்டிப் பார்த்தார். மலையாளி எழுதிக்கொண்டார். பிறகு அதிகாரி நேராக அடுப்புக்குப் போய், கேஸ் டியூபைப் பார்க்கக் குண்டானை ஒரு கையால் நகர்த்தினார். உள்ளே ஏதோ உருண்டது.

"இட்லியோ?" என்று மலையாளி சிரித்தார்.

"ஆமாங்க. இன்னும் வேகலை" என்றாள் அவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

டியூபை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தியதும் அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையும், கபீலையும், கபீலின் அப்பாவையும், கல்யாண மாப்பிள்ளையையும் வரிசையாகத் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு அப்போது தேவையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ரம்ஜான் மாதமும் நவராத்திரியும் ஒன்றாக வந்தன. ஊரெல்லாம் பகலில் ஓய்ந்து கிடந்தது. துப்பாக்கி வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அந்தப் பின் உட்கார்ந்துவிட்டது. மரப்பிடியைச் சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தேன். ஒரே ஒரு ஸ்பிரிங்தான் பாக்கி. துப்பாக்கியில் பின்னால் இழுத்து நிறுத்துகிற பாகத்தைக் குதிரை என்பார்கள். அந்தக் குதிரை தானாக விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்கான சின்ன ஸ்பிரிங் அது, நெல்மணி அளவுதான் இருக்கும். வந்தது சரியாக உட்காரவில்லை. ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை என்பதால் அதை ஒரு மூடியில் போட்டு ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை அன்று ஒர்க்‌ஷாப்பில் அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்தால் அவள் மடக்கு மேசைமேல் அம்மன் படம் வைத்து, என் ஸ்குரு டிரைவர், அரம், வெர்னியர், அவளுடைய கத்தரிக்கோல், மிக்ஸி, ஏசி ரிமோட் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பரப்பி வைத்திருந்தாள். பொரி, கடலை, வாழைப்பழம். சந்தனம் குழைத்துத் தயாராக இருந்தது.

"அதையும் எடுங்க" என்றாள்.

"எதை?"

"எதையா? நம்மூட்டுல இருக்கற ஒரே நெசமான ஆயுதம் அதுதானுங்க. ஸ்பேனருக்கும் மிக்சிக்கும் பொட்டு வெச்சுட்டு அதை மட்டும் பொட்டிக்குள்ள போட்டு வெச்சா, அது கோவிச்சுக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால் அவள் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் சுத்தியலையும் தராசையும்தான் ஆயுதம் என்று கும்பிட்டுவந்தோம். பாகம் பாகமாகக் கிடந்ததை அப்படியே எடுத்துவந்தேன். அவள் விடவில்லை.

"மூளியா சாமி முன்னால வெக்கக் கூடாதுங்க. முழுசாப் பூட்டி வைங்க."

பூட்டினேன். அந்தச் சின்ன ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பூட்டி, மரப்பிடியையும் திருகிக் கொடுத்தேன். நாளைக்கு மறுபடி கழற்றப் போகிறோம்தானே. வெளியிலிருந்து பார்த்தால் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. அவள் மரப்பிடியின் இரண்டு பக்கமும் சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஸ்பிரிங் கிடந்த மூடியையும் விடாமல் ஒரு பூவோடு பக்கத்தில் வைத்தாள். சூடம் காட்டினோம். எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூடம் அணைவதற்குள் கதவு தட்டப்பட்டது. இது பலதியா தட்டல் இல்லை. உரிமையோடு தட்டுகிற தட்டல். திறந்தால் கபீல் நிற்கிறார்.

அதற்கு முன் ஒரு தடவைகூட அவர் எங்கள் அறைக்கு வந்ததில்லை. நோன்பில் உதடு காய்ந்திருந்தது. மாடி ஏறிய மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே மேசையைப் பார்த்தார். அம்மன் படம், புகை, வாழைப்பழம், அதற்கு நடுவில் நெற்றியில் பொட்டோடு அவருடைய அப்பாவின் துப்பாக்கி.

"யே க்யா ஹை?" என்றார். இது என்ன?

எனக்குத் தெரிந்த இந்தியில், இன்று கருவிகளுக்கெல்லாம் ஈத் என்றேன். இந்த நாளில் நாங்கள் எங்கள் கருவிகளுக்கு மரியாதை செய்வோம், பாபா. அவர் கொஞ்ச நேரம் அந்தக் குங்குமத்தையே பார்த்தார். பிறகு, "கலாஸ்?" என்றார். முடிந்ததா?

"ஒரு சின்ன வேலை பாக்கி. புக்ரா." நாளைக்கு.

"இப்போதே செய். நான் நிற்கிறேன்."

கருவிகள் மேசைமேல் இருந்தன. அடுப்புப் பக்கமிருந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி அவள் மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்குத் தொடக் கூடாதுங்க."

நான் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்று எடுக்கும்வரை தொடுவதில்லை. எங்கள் பட்டறையில் ஒருவர் அவசர ஆர்டர் என்று பூஜை அன்றைக்கே லேத்தை ஓட்டி, கட்டைவிரலை அதற்குக் கொடுத்துவிட்டு வந்தார். அது தற்செயல் என்று புத்தி சொல்கிறது. கை கேட்க மாட்டேன் என்கிறது. ஸ்குரு டிரைவரைப் பார்த்தேன். அதன்மேல் இருந்த பொட்டைப் பார்த்தேன். கையை நீட்ட முடியவில்லை.

"புக்ரா, பாபா" என்றேன் மறுபடியும்.

"புக்ரா மாஃபி" என்றார். நாளைக்கு என்பதெல்லாம் கிடையாது. அவர் குரல் உயரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மேசைக்கு வந்து, கட்டிலில் கிடந்த துணியை எடுத்து, துப்பாக்கியை இரண்டு விரலால் தூக்கிச் சுற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவர் காலடிச் சத்தம் படியில் இறங்கும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அது முழுதாகத் தெரிகிறது. ஆனால் முழுதில்லை. குதிரையை இழுத்தால் அது நிற்பதுபோல் நிற்கும். லேசாக அசைந்தால் தானாக விழும். குண்டு போட்டிருந்தால் வெடிக்கும். செருப்பில்லாமல் ஓடினேன். நான் தெருவுக்கு வருவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஸ்பிரிங்கைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே பெரிய மதில் போட்ட வீடு. கேட்டில் இருந்த டிரைவர், முதலாளி மக்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டார், ஈத்துக்குத்தான் வருவார் என்றார். போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு போனே அணைந்திருந்தது. டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லலாமா? யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் சொன்ன பொருள். வெளிநாட்டுக்காரன் கையில் அது இருந்தது என்று வெளியே தெரிந்தால் அவருக்கும் கேடு, எனக்கும் கேடு. ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன்.

அந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். லேத்தில் நிற்பேன், கண் முன்னால் அந்த முற்றம் வரும். அவருக்குப் பேரன் பேத்திகள் உண்டு. வண்டியில் அவர்கள் மிட்டாய்த் தாள்களைத்தான் நான் எத்தனையோ தடவை தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, நீ வந்தாத்தான் நான் மணையில உக்காருவன், பாத்துக்க." அம்மா போனை வாங்கி, "கண்ணு, நீ வர முடியலீன்னா சொல்லிப்போடு. பெரியப்பன் பையனைத்தான் உக்கார வெக்கோணும்ங்கறாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். எந்தக் கையெழுத்தை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபாவளி வந்தது, போனது. என் மனைவி சொன்னாள்: "பிறை அன்னைக்கு நீங்க அங்க போயி நின்னீங்கன்னா அந்தாளு கோவத்துல விசாவையே வெட்டிப்போடுவாரு. கையெழுத்தும் போச்சு, வேலையும் போச்சு." கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனாப் போயிருங்க. சின்னப் புள்ளைக இருக்கற ஊடு."

பிறை தெரியக்கூடிய அன்று மதியமே அவர் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் திரும்பிவிட்டார் என்று டிரைவர் சொன்னார். பார்க்க முடியுமா என்று உள்ளே சொல்லி அனுப்பினேன். "ஈத் கழித்து வரச் சொல்" என்று பதில் வந்தது. நான் போகவில்லை. பொழுது சாய்ந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். டிரைவர் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே டிவிச் சத்தம். திடீரென்று குழந்தைகள் கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். பிறை தெரிந்துவிட்டது.

பின்னாலேயே அண்ணன் தம்பிகள் வந்தார்கள். கடைசியாகக் கபீல். முதுகுக்குப் பின்னால் ஒரு கையை மறைத்துக்கொண்டு, பண்டிகைக்கு வெடி வாங்கிவந்த அப்பனைப்போல் சிரித்துக்கொண்டு வந்தார். முற்றத்தின் நடுவில் நின்று கையை முன்னால் கொண்டுவந்தார். அண்ணன் தம்பிகள் 'ஆ'வென்று கூவினார்கள். அவர் குதிரையை இழுப்பதைக் கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன்.

டிரைவரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். எனக்குத் தெரிந்த அரபியும் இந்தியும் எங்கே போனதோ தெரியவில்லை. "இருங்க! பாபா, இருங்க! சுடாதீங்க!" என்று தமிழில் அலறினேன்.

அவர் திரும்பினார். கையும் அவரோடு சேர்ந்து திரும்பியது. எங்கள் அறையில் இத்தனை நாள் சுவரைப் பார்த்தே கிடந்த அந்தக் குழாய் இப்போது என் நெஞ்சைப் பார்த்தது. நான் ராவிய அந்தப் பின், நான் எண்ணெய் போட்ட இரும்பு, நான் சீவிய மரப்பிடி. அதில் என்ன நடக்கும் என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே நின்றுவிட்டேன். தரையைக் காட்டி, "நீச்சே... பாபா, நீச்சே" என்றேன். கீழே. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ, மெதுவாகக் கையை இறக்கினார். குழாய் மண்ணைப் பார்த்தது. அந்த நொடியில் அது தானாக வெடித்தது.

அவர் விரல் விசையில் இல்லை. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண் தெறித்தது. அங்கே ஒரு சின்ன சைக்கிள் சாய்ந்து கிடந்தது. குழந்தைகள் இதுதான் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அண்ணன் தம்பிகள் சிரித்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் துப்பாக்கியை அங்கிக்குள் மறைத்து, என் தோளைப் பிடித்து மதிலோரம் கூட்டிப்போனார். நான் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். நெல்மணி அளவு ஸ்பிரிங். அவர் பழைய லேத்துக்காரர் ஒன்றும் இல்லை, ஆனாலும் உடனே புரிந்துகொண்டார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"புக்ரா என்றேனே, பாபா."

அவர் முற்றத்தில் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். "நான் சுட்டு முடித்ததும் அவள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்" என்றார். "அடுத்த முறை அவள் சுட வேண்டுமாம்." சொல்லிவிட்டு மதிலில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று எனக்குக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். மரப்பிடியின் வரிகளுக்குள் குங்குமம் சிவப்பாக இறங்கியிருந்தது. சென்ட் போட்டுக்கூடத் துடைத்துப் பார்த்தாராம், போகவில்லையாம். "இதைப் பூட்டு" என்றார். நான் என் கைகளை நீட்டிக் காட்டினேன். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "புக்ரா?"

"புக்ரா, பாபா."

மறுநாள் ஈத் அன்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஸ்பிரிங்கைப் பூட்டினேன். பலமுறை இழுத்து, தட்டி, அசைத்துப் பார்த்தேன். குதிரை நின்றது. அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அது வெளியே வந்ததாக எனக்குத் தெரியாது. புறப்படும்போது, "தங்கைக்கு ஷாதி என்றைக்கு?" என்று அவராகவே கேட்டார். விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த முதல் நாளே கையெழுத்தாகிவிட்டது.

முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பா பையன் பந்தலில் புதுவேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்ததிலேயே பாதிக் களைப்பு தீர்ந்துவிட்டது.

கைகோர்வைக்கு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கையோடு என் கையைக் கோர்த்தார்கள். அவருக்குக் கை ஈரமாக இருந்தது, பாவம், அவருக்கும் பயம்தான். மங்கல வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே ஏதோ வாண்டுகள், தீபாவளிக்கு மிச்சம் வைத்திருந்த வெடியைப் பற்றவைத்தன. டமார் என்று ஒரே ஒரு சத்தம்.

என்னையறியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"மச்சான், நான் எங்கியும் ஓடிப்போயிர மாட்டனுங்க. கையை ஒடைச்சுப்போடாதீங்க" என்றார்.

பந்தலே சிரித்தது. மணையில் உட்கார்ந்திருந்த தங்கை தலையைக் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எதிரில் சீர்த்தட்டோடு நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.